கறித்தூள் விற்க பேஸ்புக் பேஜா, வட்ஸ்அப் பிஸ்னஸா?

களுவாஞ்சிகுடியில் நானும் மச்சாளும் வீட்டிலிருந்தபடி கறித்தூள், தனி மிளகாய்த்தூள், குரக்கன் மா, வறுத்த அரிசிமா செய்து விற்கிறோம். தொடங்கிய காலத்தில் பேஸ்புக் பேஜ், வட்ஸ்அப் பிஸ்னஸ் (சிறு தொழில்களுக்கென்று இருக்கும் தனி வட்ஸ்அப் செயலி) இரண்டையும் சம அளவில் நடத்தினோம். இப்போது ஓடர் எடுப்பது, விலை சொல்வது, காசு வந்ததைப் பார்ப்பது எல்லாம் வட்ஸ்அப்பில்தான். பேஜ் இன்னும் இருக்கிறது, ஆனால் வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை போல. மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் வீட்டுத் தொழில் தொடங்கும் பெண்கள் எதைப் பிடிப்பது என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் வட்ஸ்அப் பக்கம் சாய்ந்தவள் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

இரண்டும் இலவசம். இரண்டிலும் படமும் விலையும் போடலாம். இரண்டுமே மெட்டா நிறுவனத்துடையவை. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

வட்ஸ்அப்பிடம் இல்லாமல் பேஜிடம் மட்டும் இருக்கும் ஒரு பலம், முன்பின் தெரியாத ஆட்கள் நம்மைக் கண்டுபிடிப்பது. சுவிஸில் இருக்கும் ஒரு மகன் பேஜில் படத்தைப் பார்த்துவிட்டு, ஊரில் தனியாக இருக்கும் தாய்க்குக் கறித்தூள் அனுப்பச் சொல்லி எழுதுவார். அப்படிப்பட்டவர் வட்ஸ்அப்பில் தானாக வந்து சேர வழியே இல்லை. இன்னொன்றையும் பெண்கள் கவனிக்க வேண்டும். பேஜை நடத்துவது யார் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியாது. சொந்தப் பெயரும் படமும் வெளியே வராமல் தொழில் செய்ய விரும்புகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

பூஸ்ட் செய்வதை, அதாவது காசு கட்டிப் பதிவை அதிகம் பேருக்குக் காட்டுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். அதற்கு இணையத்தில் பணம் கட்டக்கூடிய வங்கிக் காட் வேண்டும். எந்த ஊர், எந்த வயது என்று தெரிவு செய்து பதிவைக் காட்டலாம். மட்டக்களப்பு நகரத்தைச் சுற்றி மட்டும் காட்டச் சொன்னால் அப்படியே காட்டும். நாங்கள் பண்டிகைக்கு முன்னால் மட்டும், சின்னத் தொகைக்குத்தான் செய்து பார்த்தோம். புதிய ஆட்கள் வந்தார்கள். பெரிய தொகை போட்டால் அதற்கேற்ப விற்பனை ஏறுமா என்று சொல்லும் அளவுக்கு எங்களுக்கு அனுபவமில்லை.

நான் வட்ஸ்அப்புக்குச் சாய்ந்ததற்குக் காரணம் பராமரிப்பு. பேஜுக்குத் தொடர்ந்து தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நண்பர்களும் உறவினர்களும் போடுகிற பதிவுகளுக்கே முன்னுரிமை கொடுக்கப்போவதாக பேஸ்புக் 2018 ஜனவரியில் அறிவித்தது. பேஜை விரும்பியவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும், நாம் போடும் பதிவு அவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குத்தான் போய்ச் சேரும். இதைச் சமாளிக்க அடிக்கடி படம், வீடியோ என்று போட வேண்டும். கொமன்டில் “விலை?” என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் உடனே பதில் எழுத வேண்டும். மிளகாய் காயப்போட்டு, காம்பு ஆய்ந்து, வறுத்து, மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து, சலித்து, பக்கெட் போடுகிற இரண்டு பேருக்கு அதற்கு எங்கே நேரம்?

நம் பக்கத்து மழைக்காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஐப்பசி கடைசியில் தொடங்கினால் தை வரைக்கும் வெயிலை நம்ப முடியாது. மிளகாயும் மல்லியும் காயாது. உற்பத்தி பாதியாகும், சில கிழமைகள் அடியோடு நிற்கும். விற்க ஒன்றுமில்லாதபோது பேஜில் எதைப் போடுவது? பேஜ் ஓய்ந்துவிடும். தை பிறந்து வெயில் வந்த பிறகு போடுகிற முதல் பதிவுகளை முன்பு பார்த்தவர்களில் பாதிப் பேர்கூடப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வருடமும் முதலிலிருந்து தொடங்குவது போல் இருக்கும். வட்ஸ்அப்பில் இந்தக் கதை இல்லை. “மழை விட்டது, புதுத்தூள் வந்திருக்கிறது” என்று ஒரு செய்தி போதும். அது ஒவ்வொருவரின் போனுக்கும் நேராகப் போகும். எத்தனை நாள் ஓய்ந்திருந்தோம் என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை.

எங்கள் பொருளின் தன்மையும் இதில் சேர்கிறது. கறித்தூள் தீர்ந்தால் திரும்ப வாங்கத்தான் வேண்டும். ஒரு வீட்டுக்கு அரைக்கிலோ எத்தனை நாளைக்கு வரும் என்று எங்களுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து ஒரு சின்னச் செய்தி அனுப்பினால் பாதி ஓடர்கள் அப்படியே வந்துவிடும். நோன்பு தொடங்குவதற்கு முன்னால் காத்தான்குடி, ஏறாவூர் வாடிக்கையாளர்களுக்கு அரிசிமா பற்றி ஒரு செய்தி, சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னால் மற்றவர்களுக்கு ஒரு செய்தி. இதை விட்டால் மாதம் ஒன்றுதான். அதற்கு மேல் அனுப்பினால் மனிதர்களுக்கு எரிச்சல் வரும், பிளொக் பண்ணிவிடுவார்கள்.

வட்ஸ்அப் பிஸ்னஸில் எங்களுக்கு உண்மையில் பயன்படுகிறவை சிலதான். பொருள்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்கி வைக்கும் கட்டலொக். ‘காசு வந்தது’, ‘அனுப்பியாச்சு’, ‘கடன்’ என்று அரட்டைகளுக்கு ஒட்டி வைக்கும் நிறப் பெயர்கள். வங்கிக் கணக்கு விவரத்தை ஒரே தட்டில் அனுப்பும் தயார்ப் பதில். ஒரே கணக்கை இரண்டு போனில் திறக்க முடிவதால் நான் பக்கெட் போடும்போது மச்சாள் மில்லில் இருந்தபடி பதில் சொல்வாள். ஆனால் இவை எல்லாவற்றையும் விட உதவுவது குரல் செய்தி. எங்கள் வாடிக்கையாளர்களில் வயதான அம்மாமார் பலர். தமிழில் தட்டச்சு செய்ய அவர்களுக்கு வராது. “மகள், போனமுறை தந்த தூளே அனுப்புங்க, உறைப்புக் கொஞ்சம் குறைச்சு” என்று பேசி அனுப்பிவிடுவார்கள். பேஜின் கொமன்டில் இப்படி ஒரு ஓடர் வரவே வராது.

அடுத்தது, இந்த நாட்டில் தொழில் செய்பவர் யாரும் மறக்கக்கூடாத விசயம். 2018 மார்ச்சில், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, 2022 ஏப்ரல் 3 அன்று என்று பல முறை அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. 2021 ஒக்டோபர் 4 அன்று உலகம் முழுவதும் பேஸ்புக், இன்ஸ்டகிராம், வட்ஸ்அப் மூன்றும் பல மணி நேரம் நின்றுபோயின. அந்த நேரத்தில் வட்ஸ்அப்பும் படுத்துவிடும்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் வட்ஸ்அப் வாடிக்கையாளர் என்றால் அவருடைய போன் இலக்கம் நம் கையில் இருக்கிறது. அழைக்கலாம், எஸ்எம்எஸ் அனுப்பலாம். பேஜை விரும்பியவர்களின் பட்டியலை எடுத்து யாரையும் அழைக்க முடியாது. யாராவது பாஸ்வேர்டைத் திருடிப் பேஜைக் கைப்பற்றிவிட்டால் அத்தனை பேரையும் ஒரே நாளில் இழந்துவிடுவோம். நாங்கள் இலக்கங்களை ஒரு கொப்பியிலும் எழுதி வைத்திருக்கிறோம்.

வட்ஸ்அப்பின் குறைகள் சின்னவை அல்ல. நம் இலக்கம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இரவில் வேண்டாத அழைப்புகள் வரும். இதற்குத் தொழிலுக்கென்று தனி சிம் எடுப்பது தவிர வேறு வழியில்லை. ஒரே போனில் சாதாரண வட்ஸ்அப்பை ஒரு இலக்கத்திலும் வட்ஸ்அப் பிஸ்னஸை இன்னொரு இலக்கத்திலும் வைக்கலாம். ஏழு மணிக்குப் பிறகு பதில் வராது என்று தானாகச் சொல்லும் செய்தியையும் போட்டுவைக்கலாம். அடுத்த குறை, ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் புரோட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைத்தான் சேர்க்கலாம், அதிலும் நம் இலக்கத்தைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். இது தெரியாமல் பலர் செய்தி அனுப்பிவிட்டு யாரும் பதில் போடவில்லை என்று கவலைப்படுகிறார்கள். நாங்கள் ஒவ்வொரு பக்கெட்டின் லேபிளிலும் “இந்த இலக்கத்தைச் சேமித்து ஒரு வணக்கம் அனுப்புங்கள்” என்று அச்சடித்திருக்கிறோம். பட்டியல் வளர்ந்ததற்கு அந்த ஒரு வரிதான் காரணம்.

இன்ஸ்டகிராமிலும் டிக்டொக்கிலும் நாங்கள் விற்றதில்லை. அறுகம்பையில் விடுதியோ சாப்பாட்டுக் கடையோ நடத்துகிறவர்களுக்கு இன்ஸ்டகிராமும் கூகுள் வரைபடமும்தான் முதல் தேவை, ஏனென்றால் அலைச்சறுக்கு விளையாட வருகிற வெளிநாட்டவர் அங்கேதான் தேடுகிறார்கள். டிக்டொக்கில் ஒரு வீடியோ திடீரென்று ஓடிவிடும் என்பது உண்மை. ஆனால் இரண்டு பேர் கையால் செய்கிற பொருளுக்கு ஒரே நாளில் நூறு ஓடர் வந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

சரி, புதிதாகத் தொடங்குகிறவர் என்ன செய்யலாம்? பேஜை ஒரே நாளில் திறந்து, நல்ல படங்கள் நாலைந்து, விலை, இடம் போட்டு, வட்ஸ்அப்புக்குப் போகும் பட்டனை வைத்துவிடுங்கள். அதோடு பேஜை விட்டுவிட்டு பண்டிகைக்குப் பண்டிகை மட்டும் எட்டிப்பாருங்கள். மிச்ச நேரம் முழுவதும் வட்ஸ்அப்புக்கு. ஊறுகாய், தூள், மா, தயிர், முட்டை என்று திரும்பத் திரும்ப வாங்கப்படும் எதற்கும் இது பொருந்தும்.

மருதமுனைக் கைத்தறிச் சேலை விற்கிறவர்களுக்கு என் கணக்குப் பொருந்தாது. கலியாண கேக் செய்கிறவர்களுக்கும் அப்படித்தான். ஒரு வீட்டில் கலியாணம் முடிந்தால் அந்த வீட்டிலிருந்து அடுத்த ஓடர் வர வருடங்கள் ஆகலாம். அவர்களுக்குப் புதிய ஆட்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். செய்த வேலையின் படங்கள் வரிசையாக ஓர் இடத்தில் தெரியவும் வேண்டும். அந்தத் தொழிலில் பேஜுக்குச் செலவிடும் நேரம் வீணாகாது. கேக் பிடித்துப்போன விருந்தாளிகள் உங்களைத் தேடுவதற்காக வட்ஸ்அப் இலக்கத்தைப் பெட்டியின் மேல் மட்டும் அச்சடித்தால் போதும்.