பெயர்ச்சொல்லின் குணம் காட்டும் அகராதி

ஓர் ஆங்கில ஆய்விதழுக்கு நான் அனுப்பிய கட்டுரை திருத்தங்களுடன் திரும்பி வந்தபோது, சிவப்பில் அடிக்கப்பட்டிருந்தவற்றுள் ஒன்றுகூட எனக்குப் பொருள் தெரியாத சொல் இல்லை. ‘ரிசர்ச்சஸ்’, ‘எவிடென்சஸ்’, ‘எக்விப்மென்ட்ஸ்’ என்று நான் எழுதிய இடங்களிலெல்லாம் பன்மை விகுதி நீக்கப்பட்டிருந்தது. கடினமான பெயர்ச்சொற்களை நாளுக்கு இருபது வீதம் மனப்பாடம் செய்துவந்த பழக்கத்தை அன்றோடு நிறுத்திவிட்டு, ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரியின் பத்தாம் பதிப்பை வாங்கினேன்.

ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி தம் நண்பர்கள் இருவருடன் சேர்ந்து தொகுத்து, 1942இல் டோக்கியோவில் வேறு தலைப்பில் வெளிவந்த அகராதிதான் இதன் மூலம். ஆக்ஸ்ஃபோர்டு அதை 1948இல் வெளியிட்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கென்றே பிறந்த நூல் என்பது ஒவ்வொரு பதிவிலும் தெரிகிறது. ஜப்பானிய மொழியில் பெயர்ச்சொல்லுக்குப் பன்மை விகுதி கட்டாயமில்லை. ‘நாலு புத்தகம் வாங்கினேன்’ என்று இயல்பாகச் சொல்லும் நமக்கும் அதே இடத்தில்தான் கால் இடறுகிறது.

‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலில் பெற்ற தேர்ச்சி என்ற பொருளுக்கு அருகே எண்ண இயலாத, அதாவது பன்மை விகுதி ஏற்காத, பெயர் என்பதைக் குறிக்கும் ‘யூ’ எழுத்தும், வாழ்வில் நேர்ந்த நிகழ்ச்சி என்ற பொருளுக்கு அருகே எண்ணத்தக்க பெயர் என்பதைக் குறிக்கும் ‘சி’ எழுத்தும் உள்ளன. தமிழில் இரண்டும் ‘அனுபவம்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவதால், இந்த வேறுபாட்டைத் தமிழ்ப்பொருள் மட்டும் தரும் எந்தப் பட்டியலும் நமக்குக் காட்டப்போவதில்லை.

இதைவிட நான் மதிப்பது, ஒவ்வொரு பெயரும் எந்த வினையோடும் அடையோடும் சேரும் என்பதை எடுத்துக்காட்டு வாக்கியங்கள் வழியே காட்டும் முறையை. ‘அட்டென்ஷன்’ என்பதற்கு ‘பே’ என்ற வினை வருவது நமக்கு எளிது. கட்டணத்தையும் கவனத்தையும் நாமும் ‘செலுத்து’கிறோம். ‘ஹெவி ரெய்ன்’ என்பது நம் கனமழையேதான். ஆனால் தமிழில் வேலையையும் தவறையும் ‘செய்’கிறோமே, ஆங்கிலத்தில் தவறுக்கு ‘மேக்’தான் வர வேண்டும். இப்படி ஒத்துப்போகும் இடத்தையும் விலகும் இடத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்த பிறகே, கற்ற சொற்கள் என் எழுத்துக்குள் வரத் தொடங்கின.

குறைகளும் உண்டு. எழுத்து பொடியாக இருப்பதால் இரவில் படிக்கக் கண் வலிக்கிறது. விளக்கங்கள் பெரும்பாலும் சுமார் 3000 அடிப்படைச் சொற்களாலேயே எழுதப்பட்டிருந்தாலும், அந்த அடிப்படையே இல்லாத தொடக்கநிலை மாணவருக்கு இதை வாங்கித் தருவது வீண். அவருக்கு நல்ல ஆங்கிலம்–தமிழ் அகராதியே துணை.

இணையத்தில் இதை இலவசமாகவே பார்க்கலாம், ஒலிப்பையும் கேட்கலாம். இருந்தும் நான் அச்சுப் புத்தகத்தையே விரும்புகிறேன். ‘டிபெண்ட்’ என்ற வினையைத் தேடிப்போனால் ‘டிபெண்டன்ஸ்’, ‘டிபெண்டன்சி’ என்னும் பெயர்கள் பக்கத்திலேயே நிற்கின்றன. தேடாத அந்தச் சொற்களையும் படித்துவிட்டுத்தான் பக்கத்தைப் புரட்டுகிறேன்.