காப்பாற்றிய கடைவாய்ப் பல்: ஆறு வருடத்துக்குப் பிறகு

எங்கள் ஹட்டன் பக்கம் பல்வலி வந்தால் முதலில் கிராம்பு, அப்புறம் பெனடோல், கடைசியில் "கழட்டிப் போடு, தொல்லை விட்டது". 19 வயதில் நானும் இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லை அப்படித்தான் கழட்டிப் போட்டேன். அதனால் வலப்பக்கம் அதே பல் பழுதானபோது, ஒரு தடவை காப்பாற்றித்தான் பார்ப்போமே என்று தோன்றியது.

உடைத்தது தேங்காய்ச் சம்பலில் அரைபடாமல் கிடந்த ஒரு மாசிக் கருவாட்டுத் துண்டு. உள்ளே ஏற்கெனவே பெரிய சொத்தை இருந்திருக்கிறது. கண்டியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பல் டொக்டர், "வேர் நெடுக்காக வெடித்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. உங்களுக்கு மேல்பக்கம்தான் உடைந்திருக்கிறது, முயற்சி செய்யலாம்" என்றார்.

ரூட் கெனாலுக்கு, அதாவது பல்லுக்குள் இருக்கிற நரம்பை எடுத்து வேர்க் கால்வாய்களைச் சுத்தம் செய்து அடைக்கிற சிகிச்சைக்கு, மூன்று தடவை போய்வந்தேன். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ்ஸில் வளைந்து வளைந்து போகிற அலுப்போடு பார்த்தால் சிகிச்சை பெரிய கஷ்டமே இல்லை. விறைக்க ஊசி போட்டு, பல்லைச் சுற்றி ரப்பர் துணி மாட்டி, ஊசி போன்ற மெல்லிய அரங்களால் மூன்று கால்வாய்களைச் சுத்தம் செய்தார். கழுவும் மருந்தில் துணி வெளுக்கிற குளோரின் மணம். கடைசியில் அடைத்தது கட்டாபெர்ச்சா. அதுவும் மரப்பால்தானாம். ஆனால் நம் ரப்பர் மரத்துப் பால் இல்லை, வேறொரு மரத்தினுடையது.

தப்பு செய்தது அதற்குப் பிறகு, நான்தான். வலி போய்விட்டதே என்று கிரவுன், அதாவது பல்லுக்கு மேல் மாட்டுகிற மூடி, போடுவதைத் தள்ளிப்போட்டேன். கையில் காசும் இல்லை. நான்காம் மாதம் ரொட்டி சாப்பிடும்போது ஓரச் சுவர் ஒன்று பெயர்ந்து நாக்கில் வந்து விழுந்தது. "உடைவு ஈறுக்கு ரொம்பக் கீழே போயிருந்தால் கழட்டத்தான் வேண்டியிருந்திருக்கும்" என்றார் டொக்டர். உள்ளே குடைந்து எடுத்த கடைவாய்ப் பல் மேலே மூடி இல்லாமல் கடிக்கிற பாரத்தைத் தாங்காது. செலவைக் கணக்கிடும்போது கிரவுனையும் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வருடம் சித்திரைப் புத்தாண்டுக்கு வந்த தொதல் இனிப்பில் கிரவுன் கழன்று ஒட்டிக்கொண்டு வந்தது. கடையில் விற்கிற பசையால் ஒட்டப் பார்க்காமல், கழுவித் துணியில் சுற்றிக் கொண்டுபோனேன். அதையே திரும்ப ஒட்டித் தந்தார்கள். வேறு பிரச்சினை இல்லை. முறுக்கும் அந்தப் பக்கம்தான் கடிக்கிறேன். பனிக்காலத்துக் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் மற்றப் பற்கள் எல்லாம் சிலிர்க்கும், இது மட்டும் கல் மாதிரி இருக்கும். அதில் ஒரு ஆபத்தும் உண்டு. நரம்பு இல்லாததால் கிரவுன் ஓரத்தில் சொத்தை பிடித்தாலும் வலித்துச் சொல்லாது. நான் வருடத்துக்கு ஒரு தடவை காட்டிவிடுகிறேன்.

இடப்பக்கம்தான் இப்போது தலைவலி. கழட்டிய இடத்தை நோக்கிப் பின்பல் சாய்ந்துவிட்டது, மேலே இருந்த பல் கீழே இறங்கியிருக்கிறது, சாய்ந்த இடுக்கில் எதைச் சாப்பிட்டாலும் போய் உட்காருகிறது. போன வாரம் அதில் சொத்தை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் மறுபடி கண்டி பஸ்.