விலை குறைந்த டிஸ்டன்ஸ் பந்து: மூன்று வருடம் அடித்துப் பார்த்த பிறகு

மூன்று வருடமாக என் கோல்ஃப் பையில், தூரம் போகும் என்று சொல்லி விற்கிற விலை குறைந்த டிஸ்டன்ஸ் பந்துகள்தான். பெரிய தீர்மானம் எடுத்து ஆரம்பித்ததில்லை. கையிலிருந்த உயர்ந்த ரகப் பந்துகள் தீர்ந்துபோய், அடுத்த டஜன் வாங்கப் போனபோது விலை 5,000 ரூபாயைத் தொட்டிருந்தது. ஒரு ஆட்டத்துக்கு எனக்கு இரண்டு பந்தாவது தொலையும். அப்படியென்றால் ஒவ்வொரு ஞாயிறும் 800 ரூபாயைப் புதருக்குள் போட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறேன். சரி, ஆறு மாதம் மலிவுப் பந்து அடித்துப் பார்ப்போம், ஆட்டம் கெட்டால் பழையதற்கே திரும்பிவிடலாம் என்று 1,500 ரூபாய்க்கு ஒரு டஜன் வாங்கினேன். இன்னும் திரும்பவில்லை.

என் ஆட்டம் எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பந்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அது அடிக்கிற ஆளைப் பொறுத்ததுதான். ஊர் கோயம்புத்தூர், பம்ப்செட்டுக்கு வார்ப்பு உதிரிபாகம் செய்கிற தொழில். செட்டிபாளையம் மைதானத்தில் வாரம் இரண்டு நாள், விடிந்தும் விடியாமல் ஆடுவேன். வயது 52. ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) 18ல் இருந்தது, இப்போது 16. தூர அடிக்கான டிரைவர் மட்டையைச் சுழற்றும் வேகம் மணிக்கு சுமார் 90 மைல். நன்றாகப் பட்டால் 215, 220 கஜம் போகும். மணிக்கு 110 மைல் வேகத்தில் சுழற்றுகிற இளைஞர்களுக்கு நான் சொல்வதில் பாதி பொருந்தாது.

முதலில் தூரம். பெட்டியில் கொட்டை எழுத்தில் ‘டிஸ்டன்ஸ்’ என்று போட்டிருப்பதால் பந்து பறந்துகொண்டே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ என்ற இரண்டு அமைப்புகளும் பந்துக்குக் கடுமையான வரம்பு வைத்திருக்கின்றன. எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது. விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. சோதனை இயந்திரத்தில் அடிபட்டுக் கிளம்பும் வேகம் நொடிக்கு 250 அடி, அதற்கு மேல் 2 சதவீதம் மட்டுமே சலுகை. மொத்தத் தூரத்துக்கும் தனியாக ஒரு வரம்பு உண்டு. 5,000 ரூபாய்ப் பந்தானாலும் 1,500 ரூபாய்ப் பந்தானாலும் இந்த வரம்புக்குள்தான் பறக்க வேண்டும். நண்பர் ஒருவர் ரேடார் கருவி வாங்கியபோது இரண்டிலும் இருபது இருபது பந்து அடித்துப் பார்த்தேன். சராசரியில் வித்தியாசம் மூன்று கஜம். மறு வாரம் அதே சோதனையில் மற்றது மூன்று கஜம் முன்னால் நின்றது. டீயிலிருந்து, அதாவது ஒவ்வொரு குழிக்கும் தொடக்க இடத்திலிருந்து, அடிக்கிற அடிக்கு அதிக விலை கொடுத்து எனக்கு ஒன்றும் கூடுதலாகக் கிடைக்கவில்லை.

‘மெதுவாகச் சுழற்றுகிறவர்களுக்கு மென்மையான பந்துதான் தூரம் போகும்’ என்று கிளப்பில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். நானும் நம்பித்தான் மென்மையான ரகங்களை வாங்கினேன். கையில் அடி இதமாக இருந்தது உண்மை. ஆனால் அதே ரேடாரில் அவை நாலைந்து கஜம் பின்தங்கின. அடிபடும்போது அதிகம் நசுங்குகிற பந்து, நசுங்குவதிலேயே கொஞ்சம் வேகத்தை இழந்துவிடுகிறது. இதத்துக்காக வாங்குங்கள், தூரத்துக்காக வேண்டாம்.

அப்புறம் பணம் எதற்குத்தான் போகிறது என்று பார்க்க, ஒரு சாயங்காலம் பட்டறையில் இரண்டு ரகத்தையும் வைஸில் பிடித்து ஹாக்ஸா பிளேடால் அறுத்தேன். மலிவுப் பந்தில் மொத்தம் இரண்டே பாகம்: உள்ளே கெட்டி ரப்பர் உருண்டை, மேலே ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் வெள்ளைத் தோல். முதலில் தோலில் பிளேடு வழுக்கிக்கொண்டே இருந்தது. உள்ளே இறங்கியதும் ரப்பர் சூடாகிப் பிளேடைக் கவ்விப் பிடித்தது. பஞ்சர் கடை வாசம் வந்தது. விலை உயர்ந்த பந்தில் மூன்று பாகம்: ரப்பர் உருண்டை, அதைச் சுற்றி ஒரு கெட்டி உறை, அதற்கும் மேலே நகத்தின் கனத்துக்கு ஒரு மெல்லிய தோல். அந்த மேல்தோல் யூரிதேன். கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் லேசாகப் பள்ளம் விழுந்தது. மலிவுப் பந்தின் தோல் அயனோமர் என்ற பிளாஸ்டிக், சர்லின் என்ற பெயரில் டூபாண்ட் கொண்டுவந்த வகை. அதில் நகம் ஏறவே இல்லை. உள்ளே இருக்கிற ரப்பர் இரண்டிலும் ஒரே இனம், பாலிபியூட்டடைன்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1990களின் கடைசி வரை தொழில்முறை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் ரப்பர் நூல் சுற்றிய பந்தைத்தான் அடித்தார்கள். கெட்டி உருண்டை வைத்த இரண்டு பாகப் பந்து வாரக்கடைசி ஆட்டக்காரர்களுக்கு என்றே இருந்தது. 2000ல் டைகர் வுட்ஸ் கெட்டி உருண்டைப் பந்தோடு அமெரிக்க ஓப்பனை, இரண்டாம் இடத்தில் வந்தவர்களைவிட 15 அடி குறைவாக அடித்து ஜெயித்தார். அதே வருடம் அக்டோபரில் டைட்டலிஸ்ட் புரோ வி1 என்ற கெட்டி உருண்டைப் பந்து களத்துக்கு வந்தது. அதோடு நூல் சுற்றிய பந்தின் காலம் முடிந்தது. இன்றைக்கு மலிவுக்கும் உயர்வுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் நான் அறுத்துப் பார்த்த அந்த மேல்தோலிலும் நடு உறையிலும்தான் இருக்கிறது.

அந்தக் கெட்டித் தோல் எனக்குச் செய்த முதல் நல்ல காரியம் ஸ்லைஸைக் குறைத்தது. வலது கைக்காரர்கள் பலரையும் போல என் டிரைவர் அடியும் கடைசியில் வலது பக்கம் வளையும். டிஸ்டன்ஸ் பந்தில் சுழற்சி குறைவு. சுழற்சி குறைந்தால் வளைவதும் குறையும். ஸ்லைஸ் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் முன்பு புதருக்குள் போன பந்து இப்போது ரஃபில், அதாவது ஓரத்து உயரப் புல்லில், நிற்கிறது, அடுத்த அடிக்கு வழி இருக்கிறது. ஆட்டத்துக்கு இரண்டு பந்து தொலைந்தது இப்போது ஒன்றுதான். சில ஞாயிறுகளில் எடுத்த பந்தோடேயே 18 குழியும் முடிகிறது.

இரண்டாவது, காற்று. எங்கள் ஊருக்கு மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வாயைத் திறந்து நிற்கிறது. ஜூன் பிறந்தால் அந்த வழியாகக் காற்று கொட்டும். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிறைந்திருப்பதும் அதனால்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், 46 கிராம்கூட இல்லாத பந்து எம்மாத்திரம். எதிர்க்காற்றில் சுழற்சி அதிகமான பந்து மேலே மேலே ஏறும், அப்படியே நின்று, செத்து விழும். டிஸ்டன்ஸ் பந்து தாழ்வாகத் துளைத்துக்கொண்டு போகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை செட்டிபாளையத்தில் ஆடுகிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி இந்தப் பந்தின் பலவீனம். கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், இந்தப் பந்து நிற்காது.

முதல் வருடம் மே மாதம் ஒரு காலை. கிரீன் வெயிலில் காய்ந்து தரை போல இருந்தது. பந்துக்கும் குழியில் நட்ட கொடிக்கும் நடுவே பங்கர் என்ற மணல் பள்ளம், தூரம் 30 கஜம். பழைய பழக்கத்தில், பந்தைத் தூக்கி அடிக்கிற சாண்ட் வெட்ஜ் மட்டையை எடுத்து உயரத் தூக்கிக் கொடிக்கு இரண்டு கஜம் முன்னால் போட்டேன். யூரிதேன் பந்தாக இருந்தால் ஒரு குதி குதித்து, இரண்டாவது குதியில் பிடித்துக்கொண்டிருக்கும். இது குதித்தது, உருண்டது, கொடியைத் தாண்டிப் போய்ப் பின்பக்கப் புல்லில் நின்றது. அங்கிருந்து மறுபடி தட்டினேன், இந்தப் பக்கம் தாண்டியது. நாலில் முடிக்க வேண்டிய குழி ஏழில் முடிந்தது. அடுத்த டீக்கு நடக்கும்போது பை தூக்கி வந்த கேடி தம்பி சொன்னார்: “சார், இந்தப் பந்து நிக்காதுங்க. தூக்கிப் போடாதீங்க. முன்னாலயே போட்டு உருட்டி விடுங்க, அது தானா போய்க்கும்.”

அன்றைக்குக் கிடைத்த பாடத்தை இன்றுவரை பிடித்திருக்கிறேன். வெட்ஜின் கோடுகள் மென்மையான யூரிதேன் தோலில் கவ்விப் பிடிக்கும். கெட்டித் தோலில் வழுக்கும். அதனால் பின்சுழற்சி வராது. வராத ஒன்றை எதிர்பார்த்து அடிப்பதை விட்டேன். இப்போது கிரீன் ஓரத்திலிருந்து பெரும்பாலும் எட்டாம் நம்பர் அயன் மட்டையில் தட்டுகிறேன். கிரீன் விளிம்பைத் தாண்டி ஒரு கஜத்தில் விழ வேண்டும், மீதியை உருண்டு கடக்க வேண்டும். இதைப் பழக எனக்கு நாலு மாதம் ஆனது. பழகிய பிறகு சொல்கிறேன், என் தரத்தில் இருக்கிறவர்களுக்குத் தூக்கிப் போடுவதைவிட உருட்டுவதே நம்பகமான அடி. நடுவில் பங்கர் இருந்தால் மட்டும் கொடியை மறந்துவிட்டு கிரீனின் அகலமான பக்கத்துக்கு அடித்துவிடுவேன். அங்கே ஒரு அடி போனால் போகட்டும்.

அயனில் அவ்வளவு மோசமில்லை. ஏழாம் நம்பரில் 140 கஜத்திலிருந்து வருகிற பந்து விழுந்த இடத்திலிருந்து ஏழெட்டுக் கஜம் ஓடும். அதைக் கணக்கில் வைத்து முன்னால் போட வேண்டும். மழைக்குப் பிறகு கிரீன் ஈரமாக இருக்கிற நாட்களில் அந்தக் கவலையும் இல்லை.

அடித்த ரகங்கள்: அதிகம் அடித்தது ஸ்ரிக்ஸன் டிஸ்டன்ஸ், ஜப்பானின் சுமிடோமோ ரப்பர் கம்பெனியுடையது. அடி கெட்டியாக இருக்கும், போக்கு நேராக இருக்கும். எனக்குப் பிடித்ததும் அதுதான். மைத்துனர் அமெரிக்காவிலிருந்து வரும்போது பினக்கிள் கொண்டுவந்தார். புரோ வி1 செய்கிற அகுஷ்னெட் கம்பெனியின் சிக்கன ரகம், ஸ்ரிக்ஸனுக்கும் அதற்கும் கண்ணைக் கட்டிக்கொண்டு அடித்தால் எனக்கு வித்தியாசம் தெரியாது. டெக்கத்லானின் இனெசிஸ் பந்தைப் புதிதாக ஆடத் தொடங்கிய என் மகளுக்கு வாங்கிக் கொடுத்தேன். மென்மை வேண்டும் என்பவர்களுக்கு காலவே சூப்பர்சாஃப்ட், டைட்டலிஸ்ட் ட்ரூஃபீல் இரண்டும் இருக்கின்றன. கிரீனில் குழிக்குள் உருட்டும் புட்டர் மட்டையில் பட்டால் டிஸ்டன்ஸ் பந்து ‘டக்’ என்று சத்தம் போடும், இவை ‘தொப்’ என்று அடங்கிப் பேசும். காது புட்டிங்குக்கு எவ்வளவு முக்கியம் என்று அடித்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த ‘டக்’ எனக்குப் பழக இரண்டு மாதம் ஆனது, அதுவரை எல்லாப் புட்டும் குழியைத் தாண்டியே போயின.

எந்த ரகமானாலும் ஒன்றைப் பிடித்தால் அதையே அடியுங்கள். ஒரு குழியில் கெட்டி, அடுத்ததில் மென்மை என்று மாற்றினால் கைக்கு எந்தக் கணக்கும் தங்காது.

உழைப்பில் இந்தப் பந்துகளுக்கு ஈடில்லை. பங்கர் மணலில் ஒரு முழு வெட்ஜ் அடித்தால் யூரிதேன் தோல் சொரசொரவென்று உரிந்து நிற்கும். அயனோமரில் ஒரு சாம்பல் கீறல், துடைத்தால் அதுவும் பாதி போய்விடும். சிமெண்ட் பாதையில் பட்டுத் தெறித்த பந்தைக்கூட மூன்று ஆட்டம் அடித்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை ஏமாந்தேன். பெயர் தெரியாத ஒரு பந்தை ஆன்லைனில் பாதி விலைக்கு வாங்கினேன், டஜனில் இரண்டு தோல் பிளந்துவிட்டன. விதிக்கு உட்பட்ட பந்துகளின் பட்டியல் ஆர் அண்ட் ஏ இணையதளத்தில் இருக்கிறது. புதுப் பெயராக இருந்தால் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பொறுக்கிய பழைய பந்துகள் விற்பார்கள். புதரில் கிடைத்ததென்றால் தாராளமாக வாங்கலாம். குட்டையில் எவ்வளவு நாள் ஊறியது என்று தெரியாததை நான் வாங்குவதில்லை.

வருடத்துக்கு இரண்டு முறை ஊட்டி ஜிம்கானா மைதானத்தில் ஆடுவோம். 2,200 மீட்டர் உயரம், காற்று லேசு, பந்து நம் ஊரைவிட நன்றாகவே கூடுதலாகப் போகும். ஆனால் காலைக் குளிரில் கெட்டிப் பந்து இன்னும் கெட்டியாகி, அடி கையில் சுரீர் என்று ஏறும், வேகமும் குறையும். வெயில் ஏறிய பிறகுதான் பந்து சொன்னபடி கேட்கும். ஊட்டிக்கு மட்டும் நான் மென்மையான ரகத்தை எடுத்துப் போகிறேன்.

யார் வாங்க வேண்டாம் என்றால், ஒற்றை இலக்க ஹேண்டிகேப்பில் இருந்து, வெட்ஜில் பந்தை நிறுத்தத் தெரிந்தவர்கள். அவர்களுக்கு அந்த மெல்லிய தோல் ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு மூன்று அடியைக் காப்பாற்றித் தரும், கொடுக்கிற பணம் வீண் இல்லை.

போன டிசம்பரில் கிளப் போட்டிக்காக யூரிதேன் பந்து மூன்று வாங்கினேன். பெரிய ஆட்டம், நல்ல பந்தாக இருக்கட்டும் என்று. முதல் குழியிலேயே கிரீன் ஓரத்திலிருந்து எட்டாம் நம்பரில் தட்டினேன். பந்து விழுந்தது, ஒரு கணம் பிடித்துக்கொண்டு, கொடிக்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. மூன்றாவது குழியிலும் அப்படியே. கேடி தம்பி பையைத் திறந்து பழைய ஸ்ரிக்ஸன் ஒன்றை எடுத்து நீட்டினார். நான்காவது டீயில் அதைத்தான் வைத்தேன். யூரிதேன் பந்து மூன்றும் இன்னும் பையின் பக்கவாட்டு ஜிப்பில் கிடக்கின்றன, அதில் இரண்டை ஒரு தடவைகூட அடிக்கவில்லை.