பிளவுஸை லூஸ் பண்ணக் கொடுத்தேன், புடவையை வெட்டிவிட்டார்கள்

கல்யாண சீசன். பழைய பட்டு பிளவுஸைப் பிரித்துப் பெரிதாக்கக் கொடுக்கப் போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். ஆல்ட்டரேஷன் கடையில் "புடவையையும் வெச்சுட்டுப் போங்க" என்று சொன்னால் வைக்காதீர்கள். எனக்கு நடந்தது இது.

அரக்கு நிறக் காஞ்சிப் பட்டு, பச்சை பார்டர், 2014இல் எடுத்தது. புடவையோடு வந்த துணியிலேயே தைத்த பிளவுஸ். கையிலும் முதுகிலும் ஆரி வேலைப்பாடு, அதாவது கொக்கி ஊசியால் நூலும் மணியும் வைத்துப் போடும் பூவேலை; தையல் கூலியைப் போலப் பல மடங்கு அந்த ஆரிக்கே ஆனது. அக்கா மகள் கல்யாணத்துக்கு உடுத்தலாம் என்று எடுத்தால் கொக்கி எட்டவில்லை. இரண்டு அங்குலம் கிடைத்தால் தாராளமாகப் போதும்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு கடை. கண்ணாடிக் கதவு, ஏசி, வாசல் பொம்மைக்கு லெஹங்கா. ஆல்ட்டரேஷன் ஸ்பெஷலிஸ்ட் என்று பலகை வேறு. கவுண்டரில் இருந்த பெண் பிளவுஸை வாங்கி மேலாக ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டு இன்ச்தானே மேடம், பண்ணிடலாம்." உள்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கூலி 250 ரூபாய் என்றார். நூல் கலர் மேட்ச் பண்ண வேண்டும் என்று சொல்லிப் புடவையையும் வாங்கி வைத்துக்கொண்டார். ஃபால்ஸ் (கீழ் ஓரத்தில் உள்பக்கமாக வைக்கும் பட்டை) அடிக்க, குச்சு கட்ட என்று நாம் எல்லோருமே புடவையைக் கடையில் விட்டு வருகிறவர்கள்தானே, அதனால் யாருக்கும் இது வித்தியாசமாகப் படாது.

வாங்கப் போனபோது பில் 850. சைடு பேனல் வைத்தார்களாம், அதற்குத் தனி சார்ஜாம். பார்த்தேன். இரண்டு பக்கமும் அக்குளுக்குக் கீழிருந்து இடுப்புவரை ஒரு பட்டை. அதே அரக்கு, அதே பட்டு, அதே பளபளப்பு. இவ்வளவு பொருத்தமான துணி எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, "எங்ககிட்ட எல்லா கலரும் இருக்கும் மேடம்" என்று பெருமையாகச் சொன்னார்கள்.

வீட்டில் போட்டுப் பார்த்தால் இடுப்பில் தொளதொள, கையில் இறுக்கம். கையைத் தூக்கினால் மொத்த பிளவுஸும் மேலே ஏறுகிறது. பிளவுஸின் பக்கத் தையல் கை விளிம்பில் தொடங்கி அக்குள் வழியாக இடுப்புவரை ஒரே ஓட்டமாக வரும். பெரிதாக்குவது என்றால் அந்த ஓட்டம் முழுவதையும் பிரிக்க வேண்டும். இவர்கள் கையையும் கைக்குழியையும் தொடவே இல்லை. கீழே மட்டும் வெட்டித் துண்டைச் சொருகிவிட்டார்கள். முதுகில் இருந்த ஆரி பக்கத் தையல்வரை போகும். அதையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். ஆரி சங்கிலித் தையல். முடிச்சு விழுந்த முனை போய்விட்டால் வரிசை வரிசையாக உருவிக்கொண்டு வரும். அன்று ராத்திரியே கோத்திருந்த மணிகள் கட்டிலில் உருண்டன.

புடவையை எடுத்து வைக்கலாம் என்று பிரித்தேன். உள்ளே சொருகும் முனையிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் ஃபால்ஸ் தொடங்கும். இப்போது ஓரத்தை ஒட்டியே தொடங்குகிறது. அந்த முனையில் மெலிதாக ஒரு ஜரிகைக் கோடு ஓடும், அதைக் காணோம். வெட்டிய ஓரம் பிரியாமலிருக்க அடிக்கும் பீக்கோ தையல் புத்தம் புதிதாக இருக்கிறது. பேனலுக்குத் துணி எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது.

போன் செய்தேன். மறுக்கக்கூட இல்லை. "அது உள்ளே சொருகற பக்கம்தானே மேடம், கட்டினா யாருக்குத் தெரியப்போகுது?" கட்டிப் பார்த்தேன், கொசுவத்தில் ஒரு மடிப்பு குறைகிறது. சரி, அதைக்கூட விடுங்கள். அந்த இரண்டு பேனலுக்கும் சேர்த்துத் தேவைப்பட்டது உள்ளங்கை அகலத் துணிதான். வெட்டியதோ புடவையின் முழு அகலத்துக்கும் ஒரு சாண். இரண்டு முனையிலும் ஜரிகை பார்டரோடு நாலடி நீளப் பட்டை. மீதி எங்கே என்று கேட்டால், வேஸ்ட்டில் போயிருக்கும் என்கிறார்கள்.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எங்கள் தெருவில் திண்ணையில் மெஷின் போட்டிருக்கும் ஒரு பெரியவரிடம், ஏதாவது செய்ய முடியுமா என்று கொண்டுபோனேன். வாங்கியதும் முதல் காரியமாகத் திருப்பிப் போட்டார். லைனிங்கைத் தூக்கி ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பேனல் முடிகிற இடத்துக்கு மேலே, கைப்பக்கத்தில், பழைய உள்மடிப்பு அப்படியே இருந்தது, முழுதாக ஓர் அங்குலம். "உள்ளே துணி இருந்திருக்கும்மா. வெட்டிப்போட்டுட்டு, ஓரம் பிரியாம இருக்க ஓவர்லாக் அடிச்சிருக்காங்க." ஆக, பேனலே தேவைப்பட்டிருக்காது!

கணக்கு சுலபம். பக்கத்துக்கு முன் துணி ஒன்று, பின் துணி ஒன்று. இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு ஓரங்கள். ஒவ்வோர் ஓரத்திலும் அரை அங்குலம் விட்டாலே சுற்றளவில் இரண்டு அங்குலம் வந்துவிடும். பழைய தையல்காரர்கள் அதற்காகத்தான் உள்ளே மூன்று நான்கு தையல் ஓட்டிக் கொடுத்தார்கள். உடம்பு போட்டால் ஒன்றைப் பிரித்துக்கொள்ளலாம். பின்னே ஏன் இவர்கள் அப்படிச் செய்யவில்லை? லைனிங்கைப் பிரித்து, கை மடிப்பைப் பிரித்து, ஆரிக்குச் சேதம் வராமல் திரும்பத் தைப்பது நேரம் பிடிக்கிற வேலை, அதற்குப் பெரிய கூலியும் வாங்க முடியாது. வெட்டிச் சொருகுவது சீக்கிரம் முடியும், பேனல் என்று பெயர் சொல்லி மூன்று மடங்கு பில் போடலாம். இது பெரியவரின் கணிப்பு. எனக்கும் வேறு காரணம் தோன்றவில்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார். பட்டில் தையலைப் பிரித்தால் பழைய ஊசி ஓட்டை கோடாகத் தெரியும். உள்ளே மடிந்திருந்த துணி வெளுக்காமல் அடர்த்தியாக இருக்கும். அக்குளில் வேர்வைக் கறை வேறு. இஸ்திரி போட்டாலும் முழுதாகப் போகாது. ஒழுங்கான தையல்காரர் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவார். உள்ளே துணியே இல்லையென்றால், கொக்கிப் பட்டியை அகலமாக்கி முக்கால் அங்குலம், ஓர் அங்குலம் எடுக்கலாம், முந்தானை மறைத்துவிடும். ரெடிமேட் சுடிதார் என்றால் பெரும்பாலும் ஆசையே வேண்டாம், ஓவர்லாக்கை ஒட்டியே தையல் போயிருக்கும்.

எனவே கொடுக்கும்போது உங்கள் கண் முன்னால் திருப்பிப் போட்டு, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அளக்காமலே ஆகும் என்று சொல்கிறவர் துணியை வேறெங்கிருந்தோ எடுக்கப் போகிறார் என்று அர்த்தம். எந்தத் தையலைப் பிரிப்பார்கள், எங்கேயாவது வெட்டுவார்களா என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். என் ரசீதில் 'ஆல்ட் - 1' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நூல் பார்க்க ஒரு சாம்பிள் வேண்டுமென்றால் பிளவுஸே போதும். கொடுக்கும் முன் உள்ளும் புறமும் போட்டோ எடுத்து வையுங்கள். என் புடவையின் உள்முனைக்கு என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி, ஃபால்ஸ் அடித்த அன்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்ட படம்.

கடைக்காரர் ரசீதின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார். ஆல்ட்டரேஷன் துணிகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று அச்சடித்திருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்த பிறகு அவர்களே கூப்பிட்டு 850 ரூபாயைத் திருப்பித் தந்தார்கள். புடவையைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். பொருளுக்கோ சேவைக்கோ நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. ரசீது, போட்டோ, உருவிய ஆரி நூல் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். மாம்பலம் பக்கத்தில் வேறு யாருக்காவது புடவை இப்படிக் குறைந்து வந்திருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே மனு கொடுக்கலாம்.