கோழிச் செள்ளுக்குச் சாம்பலா, வேப்பெண்ணெயா, கடை மருந்தா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வீட்டுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு கம்பத்துக் (நாட்டுக்) கோழிகளை வளர்ப்பவர்கள் செள்ளுத் தொல்லையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு விரைவில் சாம்பல் கட்சி, வேப்பெண்ணெய்க் கட்சி, கடை மருந்துக் கட்சி என மூன்றாகப் பிரிந்துவிடும். மூவரும் கண்ணால் கண்டதையே சொல்கிறார்கள். ஆனால் ஒருவர் கோழியில் இருந்தது பேன், மற்றவர் கோழியைக் கடித்தது சிவப்புச் செள். பூச்சி எங்கே குடியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் மருந்துகளை ஒப்பிடுவதில் பயனில்லை.

பேன் தன் வாழ்நாள் முழுவதையும் கோழியின் மேலேயே கழிக்கிறது. கழிவாய்ப் பக்கத்து இறகை விலக்கினால் வைக்கோல் நிறத்தில் ஓடுவதையும், இறகின் அடித்தண்டில் முட்டைகள் வெள்ளையாகத் திரண்டு ஒட்டியிருப்பதையும் பகலிலேயே காணலாம். சிவப்புச் செள்ளோ பகலில் பலகை இடுக்கிலும் ஆணி ஓட்டையிலும் ஒளிந்து கிடந்து, கோழிகள் அடைந்த பிறகே இரத்தம் குடிக்க ஏறி வருகிறது. எனவே பகலில் கோழியைப் பிடித்துப் பார்ப்பவர் ஒன்றுமில்லை என்றே முடிவு செய்வார். கொண்டை வெளுத்து முட்டை குறைவதற்கு வேறு காரணம் தேடுவார். இரவு பத்து மணிக்கு மேல் டார்ச் விளக்குடன் போய், கோழிகள் அமர்ந்திருக்கும் கம்பின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும். துணியில் இரத்தத் தீற்றல் விழுந்தால், அது இரத்தம் குடித்த செள் நசுங்கிய கறையாகும்.

சாம்பலும், நுண்பாசிகளின் புதைபடிவத் தூளாகக் கடையில் விற்கும் டயாட்டமேசியஸ் மண்ணும் ஏறக்குறைய ஒரே வழியில்தான் வேலை செய்கின்றன: பூச்சியின் மேல்தோலிலுள்ள மெழுகுப் பூச்சைக் கெடுத்து அதை வறளச் செய்கின்றன. வறட்சியை நம்பும் மருந்து, அக்டோபர், நவம்பர் மழையில் தகரத்திலிருந்து நீர் சொட்டும் பேராக் கொட்டகையில் என்ன செய்துவிட முடியும்? “சாம்பலக் கொட்டி வை தம்பி, தானா போயிரும்” என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்னதை நம்பி நானும் இரண்டு மாதம் கொட்டினேன். நனைந்த சாம்பல் காரமாகிக் கோழிகளின் உள்ளங்கால் சிவந்து புண்ணானதுதான் மிச்சம். பெரியம்மாவின் கொட்டகைக் கூரை ஒழுகாது என்பதைப் பின்னர்தான் கவனித்தேன். காய்ந்த இடத்தில் கோழி தானாகப் புரண்டு குளிக்கச் சாம்பலும் மணலும் வைப்பது பேன் பெருகாமல் தடுக்க உதவும். பெருகிவிட்ட செள்ளை அது ஒழிக்காது. டயாட்டமேசியஸ் மண்ணுக்கு விலை கூடுதல். அதன் நுண்தூள் கோழியின் மூச்சுக்குழலுக்கும் நம்முடையதற்கும் நல்லதன்று.

வேப்பெண்ணெயைச் சோப்பு நீரில் கலக்கிப் பலகை இடுக்குகளில் அடித்தால், எண்ணெய் பட்ட செள் சாகும், படாதது பிழைக்கும். ஆகவே சில நாள்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அடிக்கும் பொறுமை வேண்டும். கோழி உடல் முழுவதும் பூசினால் இறகு ஒட்டி மழைக் குளிரில் நடுங்கும். மண்ணெண்ணெயும் புகையிலைச் சாறும் ஒப்பீட்டுக்கே தகுதியற்றவை: முன்னது தோலைப் பொசுக்கும், பின்னதிலுள்ள நிகோடின் கோழிக்கே நஞ்சு.

கோழிக்கென்று தயாரிக்கப்பட்ட பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லித் தூள் பேனுக்கு நன்றாகவே கேட்கிறது. அது பேன் முட்டைகளைக் கொல்லாததால், பொரித்து வருபவை வளர்ந்து முட்டையிடுவதற்குள், ஏழு முதல் பத்து நாளில் மறுபடியும் தூவ வேண்டும். முதல் முறையோடு நிறுத்தியவர்களே பெரும்பாலும் மருந்தைக் குறை சொல்கிறார்கள். சிவப்புச் செள்ளிடம் இவ்வகை மருந்துகளுக்கு எதிர்ப்புத் திறன் வளர்ந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. பூனைக்கும் மீனுக்கும் பெர்மெத்ரின் கொடிய நஞ்சு என்பதால், பூனை வளர்க்கும் வீட்டில் நான் இதைப் பரிந்துரைக்கத் தயங்குவேன். செம்பனையில் (எண்ணெய்ப்பனையில்) காண்டாமிருக வண்டுக்கு அடிக்கும் சைப்பர்மெத்ரினில் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டு வந்து கோழிக்கு அடிப்பதும் நம் ஊர்ப் பக்கம் நடக்கிறது. அது பயிருக்கான அடர்கரைசல். கோழிக்கும் அதன் முட்டையைத் தின்பவருக்கும் ஆகாது.

செள் எங்கே ஒளிந்தாலும் பொருட்படுத்தாத மருந்து ஃபுளூராலனர். குடிநீரில் கொடுத்தால் கோழியின் இரத்தத்தில் கலக்கிறது, குடிக்க வரும் செள் சாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் இதற்கு அனுமதி அளித்தது. அங்குள்ள அளவு ஒரு கிலோ எடைக்கு 0.5 மில்லிகிராம், ஏழு நாள் இடைவெளியில் இருமுறை. மருந்து கொடுத்தபின் உண்ணாமல் காத்திருக்க வேண்டிய காலம் முட்டைக்கு இல்லை, இறைச்சிக்கு 14 நாள். இடைஞ்சல் கணக்கில்தான் இருக்கிறது: ஒன்றரைக் கிலோ எடையுள்ள பத்துக் கோழிக்கு ஒரு வேளைக்குத் தேவைப்படுவது 7.5 மில்லிகிராம், அதாவது மில்லிலிட்டருக்குப் பத்து மில்லிகிராம் கொண்ட கரைசலில் முக்கால் மில்லிலிட்டர் மட்டுமே. பெரிய பண்ணைக்கான மருந்தைக் கால்நடை மருத்துவரின் அறிவுரையின்றிப் பிரித்துக் கொடுப்பது சரியன்று. மேலும், அன்றைக்குக் கோழிகளைத் திறந்துவிட்டால் மழைக்குட்டையில் தாகம் தீர்த்துக்கொண்டு மருந்து நீரைத் தொடாமலே திரும்பும். ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தை இதற்கு மாற்றாகச் சொல்பவர்கள், அதன் எச்சம் முட்டையில் சேர்வதைச் சொல்வதில்லை.

என்னைக் கேட்டால், பேனுக்குப் பெர்மெத்ரின் தூளை இருமுறை. சிவப்புச் செள்ளுக்கு, முதலில் கம்புகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி, இடுக்குகளை அடைத்து, பிறகு மருத்துவரிடம் ஃபுளூராலனர் பற்றிக் கேட்பது. கொட்டகையை இரண்டு வாரம் காலியாக விட்டால் செள் பட்டினியில் செத்துவிடும் என்று எண்ண வேண்டாம். இரத்தம் இல்லாமலே பல மாதம் அது தாங்கும். இத்தனைக்கும் பிறகு சில வாரத்தில் செள் மீண்டும் தலைகாட்டினால், ஏணி வைத்துக் கூரை இறவாரத்தில் மைனா கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: காட்டுப் பறவைக் கூட்டிலிருந்து இறங்கி வரும் வெப்பமண்டலச் செள் என்று இன்னொன்றும் உண்டு, அது கோழியின் மேலேயே தங்கிவிடும்.