வாடகைதாரரின் பின்னணிச் சோதனை: நிறுவனத்தின் ஒற்றைச் சொல்லா, நாமே படிக்கும் பதிவா?

நியூ ஜெர்சியில் எங்களுக்கு இருக்கும் சிறிய வீட்டை வாடகைக்கு விட முடிவு செய்தபோது, விண்ணப்பிப்பவரின் குற்றப் பின்னணியைச் சோதிக்க இரண்டு வழிகள் இருந்தன. 'ஏற்கலாம்' அல்லது 'மறுக்கலாம்' என்று சோதனை நிறுவனமே சொல்லிவிடுவது ஒன்று. நீதிமன்றப் பதிவுகளை முழுமையாக வாங்கி நாமே படித்து முடிவெடுப்பது மற்றொன்று. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். முதலாவது விரைவானது என்பதில் ஐயமில்லை. நூறு குடியிருப்புகளை நிர்வகிப்பவர்களுக்கு அது தேவையாகவும் இருக்கலாம்.

என் முடிவுக்குக் காரணம் ஒன்றே: மறுத்தால், அதற்கான விளக்கத்தை எழுத வேண்டியவர் வீட்டு உரிமையாளர். இம்மாநிலத்தில் 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, ஓரிரு விதிவிலக்குகள் தவிர, நிபந்தனையுடன் கூடிய ஒப்புதலை (பின்னணிச் சோதனையில் தடை எதுவும் இல்லையென்றால் வீட்டைத் தருவதாக) அளித்த பிறகே குற்றப் பதிவைப் பார்க்கலாம். தண்டனையில் முடியாத கைதைக் கணக்கில் எடுக்கவே கூடாது. கொலை போன்ற சில கொடுங்குற்றங்களுக்குக் கால வரம்பு இல்லை. மற்றபடி, மிகக் கடுமையான முதல் நிலைக் குற்றமானால் 6 ஆண்டுகள், இரண்டாம், மூன்றாம் நிலைகளுக்கு 4 ஆண்டுகள், நான்காம் நிலைக்கு 1 ஆண்டு வரை மட்டுமே பின்னோக்கிப் பார்க்கலாம். அதற்குள் வரும் குற்றமானாலும், அதன் தன்மை, அப்போது அவருக்கிருந்த வயது, அதன் பின் அவர் நடந்துகொண்ட விதம் ஆகியவற்றை எடைபோட்டு, ஒப்புதலைத் திரும்பப் பெறுவதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 'மறுக்கலாம்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு அந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது?

கனெக்டிகட்டில் ஒரு தாய், விபத்தில் முடங்கிய தம் மகனைத் தம்முடன் தங்க வைக்க 2016இல் அனுமதி கேட்டபோது, தகுதியிழக்கச் செய்யும் பதிவு இருப்பதாக மட்டுமே கட்டட நிர்வாகத்துக்கு அறிக்கை வந்தது. பின்னால் இருந்ததோ கடைத்திருட்டு தொடர்பாகப் பதிவாகிப் பிறகு கைவிடப்பட்ட ஒரு சிறு வழக்கு. வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் 1968ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டத்தின்கீழ் சோதனை நிறுவனம் பொறுப்பாகாது என்றே 2023இல் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம் கூறியது; மறுக்கும் முடிவு வீட்டை வாடகைக்கு விடுபவருடையது என்பதே அதன் பார்வை. இதைப் படித்த பிறகு எனக்குத் தயக்கம் எதுவும் இருக்கவில்லை.

தந்தையின் பெயரே குடும்பப் பெயராகிவிடும் நம்மவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. பெயரை மட்டும் வைத்துப் பொருத்தினால் வேறொருவரின் வழக்கு நம் கணக்கில் ஏறக்கூடும்; முழுப் பதிவு கையில் இருந்தால் பிறந்த தேதியையாவது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நான்கு வீடுகளுக்கு மிகாத கட்டடத்தில் உரிமையாளரும் குடியிருந்தால், மேற்சொன்ன மாநிலச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. என் அனுபவமும் சிறிதுதான்: இதுவரை வந்த இரு குடும்பங்களுக்கும் எந்தப் பதிவும் இல்லாததால், அப்படியொரு மறுப்புக் கடிதத்தை நான் எழுத நேரவில்லை.