சிஎன்ஏ, இஎம்டி, மெடிக்கல் அசிஸ்டென்ட், ஸ்கிரைப்: பிஏ படிப்புக்கு முன் எந்த வேலை?

அமெரிக்காவில் மருத்துவரோடு இணைந்து நோயாளிகளைப் பரிசோதித்துச் சிகிச்சை தரும் பிஸிஷியன் அசிஸ்டென்ட், சுருக்கமாக பிஏ, ஆவதற்கான மாஸ்டர்ஸ் படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்கள் மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படுவார்கள். அது புரிகிறது. ஆனால் அதைவிட அதிகமாகக் குழம்புவது வேலை அனுபவத்தில்தான். நோயாளிகளோடு வேலை செய்த மணி நேரங்களைக் கணக்குக் காட்டச் சொல்கிறார்கள். சில கல்லூரிகளுக்கு 500 மணி நேரம் போதும், சில 1,000 கேட்கும், சில 2,000. எண் எதுவும் சொல்லாத கல்லூரிகளும் உண்டு. வாரம் 40 மணி நேரம் என்று ஒரு முழு ஆண்டு உழைத்தால்தான் 2,000 வரும். ஆயுளில் ஓர் ஆண்டைக் கொடுக்கப் போகிறோம் என்றால், எந்த வேலைக்குக் கொடுப்பது?

பெரும்பாலோர் நான்கில் ஒன்றுக்குப் போகிறார்கள்: மருத்துவமனையிலோ முதியோர் பராமரிப்பு இல்லத்திலோ நர்சிங் அசிஸ்டென்ட், அதாவது சிஎன்ஏ, ஆம்புலன்ஸில் அவசர முதலுதவி செய்யும் இஎம்டி, கிளினிக்கில் மெடிக்கல் அசிஸ்டென்ட், டாக்டரின் பக்கத்தில் இருந்து குறிப்பெழுதும் ஸ்கிரைப். மணி நேரம் எதில் சீக்கிரம் சேரும் என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்பதுதான் என் வாதம். நோயாளிக்கு நீங்கள் நேரடியாகப் பொறுப்பாக இருக்கிறீர்களா, உங்கள் வேலையை ஒரு பிஏ கண்ணால் பார்க்கிறாரா, இந்த இரண்டையும் வைத்து முடிவெடுங்கள்.

இந்த அனுபவத்தைக் கேட்பதற்குக் காரணம் தொழிலின் பிறப்பிலேயே இருக்கிறது. 1965-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜீன் ஸ்டெட் முதல் பிஏ வகுப்பைத் தொடங்கியபோது சேர்த்துக்கொண்ட நான்கு பேரும் கடற்படையில் மருத்துவப் பணி செய்து திரும்பியவர்கள். 1969-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மித் தொடங்கிய மெடெக்ஸ் திட்டமும் ராணுவத்தில் காயம்பட்டவர்களைக் கவனித்த கைகளை நம்பித்தான் உருவானது. நோயாளியை எப்படி அணுகுவது என்று அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை, அதனால் படிப்பைச் சுருக்க முடிந்தது. இன்றைக்கும் சராசரியாக 27 மாதம்தான். அதில் ஓராண்டு வகுப்பறையில் போய்விடும், மீதி ரொட்டேஷன், அதாவது வெவ்வேறு மருத்துவத் துறைகளில் மாறி மாறிப் பயிற்சி. அறிமுகமில்லாத ஒருவரின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று பேசத் தயங்குகிறவருக்கு அந்தத் தயக்கத்தைப் போக்க இந்தப் படிப்பில் தனியாக நேரம் கிடையாது.

இரண்டு கூடைகள்

வேலைகளை ஒப்பிடும் முன் காஸ்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான பிஏ கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம் இதுதான். உங்கள் அனுபவத்தை இது வகை பிரித்துக் கேட்கும். நோயாளியின் கவனிப்புக்கு நேரடிப் பொறுப்பேற்ற வேலை ஒரு கூடை. மருத்துவத் துறையில் இருந்தாலும் அந்தப் பொறுப்பு இல்லாத வேலை இன்னொரு கூடை. கல்லூரிகள் எடை போடுவது முக்கியமாக முதல் கூடையைத்தான்.

இஎம்டி முதல் கூடையில் சந்தேகமில்லாமல் விழுகிறது. ஸ்கிரைப் இரண்டாவது கூடைக்கான உதாரணங்களிலேயே வருகிறது. சிஎன்ஏ, செய்த வேலையைப் பொறுத்து இரண்டிலும் வரலாம். பலருக்கு வியப்பாக இருப்பது மெடிக்கல் அசிஸ்டென்ட்தான். காஸ்பாவின் விளக்கத்தில் அதுவும் இரண்டாவது கூடையின் உதாரணங்களில் இருக்கிறது, ஆனால் நிறைய கல்லூரிகள் அதை முதல் கூடையில் ஏற்றுக்கொள்கின்றன. எந்தக் கூடையில் போடுவது என்று நீங்கள் தேர்ந்தெடுத்தாலும், கல்லூரி உங்கள் வேலை விவரிப்பைப் படித்துத் தானாக முடிவு செய்யும். ஆகவே பதவியின் பெயரை நம்பாமல், என்னென்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். ஊசி போட்டீர்களா, இசிஜி எடுத்தீர்களா, படுக்கையிலிருந்து எழ முடியாதவரை நடக்க வைத்தீர்களா, அதைச் சொல்லுங்கள். விண்ணப்பிக்கப் போகும் ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் எந்த வேலையை ஏற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வேலை தேடுவது நல்லது. வேலையில் சேர்ந்து ஓராண்டு கழித்துப் பார்க்கிறவர்கள்தான் அதிகம்.

சிஎன்ஏ

நுழைவது எளிது. மத்திய அரசு விதி குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி கேட்கிறது. சில மாநிலங்களில் கூடுதல், கலிஃபோர்னியாவில் 160. அப்புறம் மாநிலத் தேர்வு. கல்லூரியில் படிக்கும்போதே கோடை விடுமுறையில் முடித்துவிட்டு வார இறுதிகளில் வேலைக்குப் போகலாம். நான்கு வேலைகளில் இதற்குத்தான் ஆள் தேவை எப்போதும் இருக்கிறது.

வேலை கடினமானது. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, கழிவறைக்கு அழைத்துப்போவது, ஊட்டிவிடுவது, படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது. முதுகு வலிக்கும். "இதில் மருத்துவம் எங்கே இருக்கிறது?" என்று பெற்றோரே கேட்பார்கள். இருக்கிறது. ஷிப்ட் முழுக்க ஒரே ஆளின் பக்கத்தில் அதிகம் இருப்பவர் சிஎன்ஏ. நேற்று தெளிவாகப் பேசிய பாட்டி இன்று குழம்பிப் பேசுகிறார், மூச்சு கொஞ்சம் வேகமாக இருக்கிறது, காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை என்பதெல்லாம் பல நேரம் முதலில் அவர் கண்ணில்தான் படும். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ வந்தால் பல நேரம் காய்ச்சலுக்கு முன்னால் தெரிவது இந்த மாற்றங்கள்தான். அதைக் கவனித்து நர்ஸிடம் சரியாகச் சொல்லப் பழகியவருக்கு, நோயாளியைப் பார்த்ததும் "இவர் நலமாக இல்லை" என்று உணரும் திறன் வந்துவிடும். அதை வகுப்பறையில் யாரும் ஊட்டிவிட முடியாது.

குறையும் உண்டு. முதியோர் இல்லத்தில் பிஏ-வைப் பார்ப்பது அரிது. எனவே முடிந்தால் மருத்துவமனை வார்டுக்குப் போங்கள். அங்கே இதே வேலைக்கு பேஷன்ட் கேர் டெக்னீஷியன் என்று பெயர் இருக்கும், பல இடங்களில் ரத்தம் எடுப்பதும் இசிஜி எடுப்பதும் சேர்ந்திருக்கும். அறுவை சிகிச்சை, இதய நோய், எலும்பு முறிவு வார்டுகளில் பிஏ-க்கள் தினமும் வருவார்கள்.

இஎம்டி

பயிற்சி பெரும்பாலும் 150 முதல் 190 மணி நேரம். ஒரு செமஸ்டரில் முடியும், அதன்பின் தேசியப் பதிவகத்தின் தேர்வு. மற்ற மூன்று வேலைகளிலும் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கும்: நோயாளியை முதலில் பார்ப்பவர் நீங்கள். எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, என்ன செய்தால் கூடுகிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டு, பிபி பார்த்து, மூச்சைக் கேட்டு, உடனே போக வேண்டுமா என்று கூட்டாளியோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். மருத்துவமனை வாசலில் அதையெல்லாம் ஒரு நிமிடத்துக்குள் சுருக்கிச் சொல்லவும் வேண்டும். பிஏ படிப்பின் ரொட்டேஷனில் முதல் நாளிலிருந்து கேட்கப்போவது இதே வேலையைத்தான்.

ஆனால் எல்லா ஆம்புலன்ஸும் ஒன்றல்ல. 911 என்ற அவசர எண்ணுக்கு வரும் அழைப்புக்குப் போகும் வண்டி வேறு, நோயாளிகளை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்த் திரும்ப விடும் வண்டி வேறு. புதியவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் கிடைப்பது இரண்டாவது. அதில் ஓராண்டு ஓட்டிவிட்டு நேர்காணலில் உட்கார்ந்தால் சொல்வதற்கு நிறைய இருக்காது. நிலையத்தில் அழைப்புக்காகக் காத்திருந்த நேரம் இன்னொரு சிக்கல். நோயாளியோடு இருந்த நேரத்தை மட்டும் எழுதச் சொல்லும் கல்லூரிகள் இருக்கின்றன, நேர்மையாகப் பிரித்து எழுத வேண்டும். சம்பளமில்லாத தன்னார்வப் படையில் சேர்ந்தால், சம்பள வேலையைத்தான் எண்ணுவோம் என்று சொல்லும் கல்லூரிகளில் அது நிற்காது.

ஆம்புலன்ஸில் பிஏ இல்லை என்பது பெரிய குறை. நோயாளியைக் கொண்டுபோய் விட்ட பிறகு அவருக்கு என்ன ஆயிற்று என்றும் தெரியாது. இதற்கு நல்ல வழி, இஎம்டி சான்றிதழோடு ஆறு மாதம் வண்டியில் இருந்துவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவில் டெக்னீஷியனாகச் சேர்வது. நான்கில் எதுவும் இல்லாத இந்த ஐந்தாவது வழி கிடைத்தால், என் பார்வையில் எல்லாவற்றையும் விடச் சிறந்தது. மருத்துவர், பிஏ, நர்ஸ் எல்லோரும் ஒரே அறையில் வேலை செய்வதைப் பார்க்கலாம், நோயாளி எதனால் அட்மிட் ஆகிறார், எதனால் வீட்டுக்குப் போகிறார் என்பதும் புரியும்.

மெடிக்கல் அசிஸ்டென்ட்

பல மாநிலங்களில் உரிமம் இல்லாமலே சேர்த்துக்கொண்டு கிளினிக்கிலேயே பயிற்சி தருகிறார்கள். வாஷிங்டன் போன்ற மாநிலங்கள் மட்டும் முறையான அங்கீகாரம் கேட்கும். நோயாளியை அறைக்கு அழைத்து, எடை, பிபி பார்த்து, மருந்துப் பட்டியலைச் சரிபார்த்து, தடுப்பூசி போட்டு, தோல் சிகிச்சை கிளினிக் என்றால் பயாப்ஸிக்கு உதவி செய்வது வேலை.

இதன் பலம் தொடர்ச்சி. சர்க்கரை உள்ள ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். ரத்தச் சர்க்கரையின் சில மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி ஏறுவதையும் இறங்குவதையும், மருந்து வாங்கக் காசில்லாமல் அவர் பாதியில் நிறுத்தியதையும் பார்ப்பீர்கள். அமெரிக்க மருத்துவத்தின் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. இன்னொரு பலம், கிளினிக்கில் ஒரே பிஏ-வோடு மாதக்கணக்கில் தோளோடு தோள் நின்று வேலை செய்யலாம். அவர் எழுதும் பரிந்துரைக் கடிதத்தில் ஒரு கனம் இருக்கும்.

ஆபத்து ஒன்றுதான்: சிறிய கிளினிக்கில் ஆள் குறைந்தால் உங்களை ரிசப்ஷனில் உட்கார வைத்துவிடுவார்கள். தொலைபேசி, இன்ஷூரன்ஸ் அனுமதி, ஃபேக்ஸ் என்று நாள் போகும். அந்த நேரத்தை முதல் கூடையில் போட முடியாது. அப்புறம், இது பகல் வேலை. வகுப்புக்குப் போய்க்கொண்டே செய்வது கஷ்டம், பட்டம் முடித்துவிட்டு ஓராண்டு இடைவெளி எடுப்பவருக்குப் பொருந்தும்.

ஸ்கிரைப்

மருத்துவர் எப்படி யோசிக்கிறார் என்பதை இதைவிட நெருக்கமாகப் பார்க்க வழியில்லை. நெஞ்சு வலி என்று வந்தவரிடம் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார், ஏன் அந்தப் பரிசோதனையைத் தவிர்த்தார் என்று நாள் முழுக்கக் கேட்கலாம். ஆனால் நோயாளியைத் தொட மாட்டீர்கள், பொறுப்பும் இல்லை. பேச்சைக் கேட்டுத் தானே குறிப்பெழுதும் மென்பொருள்களும் இந்த வேலைக்குள் நுழைந்துவிட்டன. இரண்டாவது வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள், இதை மட்டும் நம்பி விண்ணப்பிக்காதீர்கள்.

பணமும் படிப்பும் விசாவும்

சம்பளத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். சிஎன்ஏ, இஎம்டி, மெடிக்கல் அசிஸ்டென்ட் மூன்றுமே முழு நேரமாகச் செய்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 டாலரை ஒட்டித்தான் வருகின்றன. மதிப்பெண்ணுக்கு எது குறைவாக இடைஞ்சல் செய்யும் என்பது அதைவிட முக்கியம். ஒரு பாடத்தைத் திரும்ப எழுதி நல்ல கிரேடு வாங்கினாலும் காஸ்பா பழையதை அழிக்காது, இரண்டையும் சேர்த்தே சராசரி போடும். இரவு ஷிப்ட் முடித்து நேராக உடற்கூறியல் லேபுக்குப் போய் ஒரு சி வாங்கினால், அது விண்ணப்பத்தில் நிரந்தரமாக இருக்கும். செமஸ்டர் நடக்கும்போது வாரத்துக்கு ஒரு ஷிப்ட் போதும்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே வேறு. வளாகத்துக்கு வெளியே விருப்பப்படி வேலைக்குப் போக முடியாது, அனுமதி வேண்டும், அந்த வேலை படித்த துறையோடு தொடர்புள்ளதாகவும் இருக்க வேண்டும். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களைச் சேர்க்காத பிஏ கல்லூரிகளும் உண்டு, பட்டியல் போடும்போது முதலில் அதைப் பாருங்கள். ஊரில் நர்ஸாகவோ டாக்டராகவோ இருந்தவர்கள் அந்த அனுபவத்தை எழுதலாம், அதை எண்ணுவதும் எண்ணாததும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

யாருக்கு எது

கல்லூரியில் இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது என்றால், கோடையில் சிஎன்ஏ பயிற்சி எடுத்து மருத்துவமனை வார்டில் வார இறுதி வேலை. பட்டம் முடிந்து ஓராண்டு கையில் இருக்கிறது என்றால், பிஏ இருக்கும் கிளினிக்கில் மெடிக்கல் அசிஸ்டென்ட். அவசர நிலையில் பதறாதவர், 911 வண்டி கிடைக்கும் ஊரில் இருப்பவர் என்றால் இஎம்டி, அங்கிருந்து அவசர சிகிச்சைப் பிரிவு. கூச்ச சுபாவம் உள்ளவருக்கும் சிஎன்ஏ-தான் என் பரிந்துரை. அந்தக் கூச்சம் அங்கே ஒரு மாதத்தில் கரைந்துவிடும்.

எந்த வேலைக்கான நேர்காணலுக்குப் போனாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இங்கே பிஏ-க்கள் வேலை செய்கிறார்களா? ஒரு ஷிப்டில் எவ்வளவு நேரம் நோயாளியோடு இருப்பேன்? ஆறு மாதத்துக்குப் பிறகு புதிதாக எதைச் செய்ய விடுவீர்கள்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வரும் இடம், சம்பளம் மணிக்கு ஒரு டாலர் குறைவாக இருந்தாலும், நல்ல இடம்.

காலக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். காஸ்பா ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசி வாக்கில் திறக்கிறது. வர வர இடங்களை நிரப்பிக்கொண்டே போகும் கல்லூரிகள் நிறைய இருப்பதால் மே, ஜூனிலேயே அனுப்பிவிடுவது நல்லது. இனிமேல் செய்யப்போகும் மணி நேரத்தைப் பல கல்லூரிகள் எண்ணாது, அனுப்பும் நாள் வரை முடித்ததுதான் கணக்கு. பயிற்சிக்கு மூன்று மாதம், தேர்வுக்கும் வேலை தேடுவதற்கும் இன்னும் இரண்டு மாதம் என்று வைத்தால், அடுத்த மே மாதம் அனுப்ப விரும்புகிறவர் 1,000 மணி நேரத்தோடு நிற்க, இந்தக் கோடையிலேயே பயிற்சியில் சேர்ந்திருக்க வேண்டும்.